மட்டக்களப்பில் பழைய பஸ்கள் ஓடும் நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பஸ்களை ஒருநாள் மட்டக்களப்பு வீதிகளில் ஆட்களை ஏற்றி ஓடவிட வேண்டும் என்று சிலர் சேர்ந்து பேசத் தொடங்கியதிலிருந்து கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறோம். திகதி இன்னும் குறிக்கவில்லை. அதற்கு முன்னர் தீர்க்கவேண்டிய காரியங்களும் இந்தப் பதில்களுக்குள் வரும்.

இப்படி ஒரு நாள் வேறெங்காவது நடக்கிறதா?

இங்கிலாந்தில் பல ஊர்களில் நடக்கிறது. வின்செஸ்டர் என்ற பழம்பெரும் நகரத்தில் கிங் அல்பிரட் என்ற பெயரில் ஒரு குடும்பம் பஸ் சேவை நடத்திவந்தது. 1973 ஏப்ரலில் அது பெரிய நிறுவனமொன்றிடம் கைமாறியது. அந்தப் பஸ்களில் ஏறிப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் வளர்ந்த பிறகு, விற்கப்பட்டுப் போன வண்டிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துத் திருத்தினார்கள். பல ஆண்டுகளாகப் புத்தாண்டு நாளில் அவற்றைப் பழைய வழித்தடங்களிலேயே ஓட்டினார்கள். நேர அட்டவணை அச்சிட்டார்கள், பயணத்துக்குப் பணம் வாங்கவில்லை.

எங்கள் மனதைத் தொட்டது இன்னொரு ஊர். சாலிஸ்பரி சமவெளியில் இம்பர் என்றொரு சிறு கிராமம். இரண்டாம் உலகப் போரின்போது, 1943 டிசம்பரில், படைப் பயிற்சிக்காக அங்கிருந்த சனங்களை எழுப்பிவிட்டார்கள். போர் முடிந்தும் திரும்பிக் குடியேற விடவில்லை. அந்த ஊர் இன்றைக்கும் இராணுவத்தின் கையில்தான் இருக்கிறது. 2009இல் சில பஸ் பிரியர்கள் வோமின்ஸ்டர் என்ற பக்கத்து ஊரிலிருந்து பழைய லண்டன் பஸ்களை அங்கே ஓடவிட்டார்கள். அது ஆண்டுக்கு ஒருநாள் நடக்கும் வழக்கமாகிவிட்டது. வரும் பணம் தருமத்துக்குப் போகிறது. ஊர்விட்டு எழும்பி வாழ்ந்த அனுபவம் உள்ள எங்கள் ஆட்களுக்கு, வெறும் சுவர்கள் நிற்கும் ஒரு கிராமத்துக்குப் பஸ் போகிறது என்பதன் பொருளை விளக்கத் தேவையில்லை.

மட்டக்களப்பில் ஏன்?

எங்கள் ஊர் தண்ணீரால் பிரிக்கப்பட்ட ஊர். நகரத்தின் நடுப்பகுதியான புளியந்தீவு ஒரு தீவு. பழைய கச்சேரியும் (மாவட்ட அரச அலுவலகம்) கோட்டையும் பழைய பள்ளிக்கூடங்களும் அங்கே. கடற்கரைப் பக்கம் எழுவான்கரை, வாவிக்கு அப்பால் வயல்களும் குளங்களும் நிறைந்த படுவான்கரை. ஐம்பது கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு கிடக்கும் வாவியின் இரு பக்கத்தையும் பாலங்களும் படகுப்பாதைகளும் பஸ்ஸும்தான் ஒன்றாகத் தைத்து வைத்திருந்தன. பெரியாஸ்பத்திரிக்கு வந்த நோயாளி, கச்சேரிக்கு வந்த விவசாயி, சந்தைக்கு மீனும் மரக்கறியும் கொண்டுவந்த பெண்கள், சீசன் டிக்கெட்டோடு வந்த மாணவர் எல்லாரும் ஏறியது ஒரே சிவப்பு பஸ்ஸில்தான்.

கோட்டையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். வாவியில் பாடும் மீனைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறார்கள். சனங்களை நாற்பது ஐம்பது வருஷம் சுமந்த வண்டிகளைப் பற்றியும், அதை ஓட்டியவர்களைப் பற்றியும் எழுத்தில் இருப்பது மிகக் குறைவு. ஓட்டியவர்கள் முதியவர்களாகிவிட்டார்கள். அவசரம் அதனால்தான்.

எந்தக் காலத்து பஸ்ஸை நீங்கள் பழையது என்கிறீர்கள்?

இதற்குக் கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும்.

1958 ஜனவரி 1 வரை இலங்கையில் பஸ்கள் தனியார் கம்பனிகளின் கையில் இருந்தன. மரச்சட்டத்தில் கட்டிய உடல், முன்னால் மூக்கு நீண்ட பெட்போர்ட் போன்ற வண்டிகள். அன்று எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவின் அரசாங்கம் எல்லாவற்றையும் தேசியமயமாக்கி இலங்கை போக்குவரத்துச் சபையை (ஆங்கிலச் சுருக்கம் சீ.ரி.பி.) தொடங்கியது. அப்போது போக்குவரத்து அமைச்சராக இருந்தவர் மைத்திரிபால சேனநாயக்க. உச்சத்தில் இருந்தபோது சபையிடம் சுமார் 7,000 பஸ்கள் இருந்தன, 50,000க்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். உலகின் மிகப் பெரிய பஸ் நிறுவனங்களில் ஒன்று என்று அந்நாளில் பெயரெடுத்தது. வெரஹெரவில் இருந்த பெரிய வேலைத்தளத்தில் வண்டிகளைக் கழற்றிப் பூட்டித் திரும்பவும் வீதிக்கு அனுப்பினார்கள்.

1978இல் சபை பிராந்தியங்களாகப் பிரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு தனியார் பஸ்களுக்குத் திரும்பவும் கதவு திறந்தது. தொண்ணூறுகளில் மக்கள்மயம் என்ற பெயரில் டிப்போக்கள் கம்பனிகளாகின. 2005ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாவற்றையும் மறுபடி ஒரே சபையாக்கியது. பெயர் எத்தனை மாறினாலும் எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் சனம் சொல்வது 'சீ.ரி.பி. பஸ்' என்றுதான்.

எங்கள் கணக்கில் 1990க்கு முன்னர் வீதிக்கு வந்த எதுவும் பழையது. லேலண்ட், டாட்டா, இசுசு, எதுவானாலும் சரி. இதைவிட இறுக்கமாக எல்லை போட்டால் கிழக்கில் ஓடும் நிலையில் ஒரு வண்டியும் மிஞ்சாது.

லண்டன் டபுள் டெக்கர் வருமா?

சிறுவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். பெரியவர்களும்.

லண்டனில் ஓடிப் பழசான ஆர்.டி. ரக இரட்டைத்தட்டு பஸ்களை, ஐம்பதுகளின் கடைசியிலிருந்து அறுபதுகள் வரை, ஆயிரத்துக்கும் மேல் இலங்கை வாங்கியது. அங்கேயும் இங்கேயும் வாகனம் வீதியின் இடப்பக்கம் ஓடுவதால் கதவையோ சுக்கானையோ மாற்றத் தேவையிருக்கவில்லை. 56 இருக்கை: மேல்தட்டில் 30, கீழே 26. ஏ.ஈ.சி. நிறுவனத்தின் 9.6 லீற்றர் டீசல் எஞ்சின். அதன் கியர் முறை இப்போதைய சாரதிகளுக்குப் புதுமையாக இருக்கும். அடுத்து வேண்டிய கியரை ஒரு சிறு தண்டால் முன்கூட்டியே தெரிவுசெய்து வைத்துவிட்டு, தேவைப்படும் நேரத்தில் இடக்கால் மிதியை அழுத்தினால் கியர் மாறும். லண்டனிலேயே கடைசி ஆர்.டி. 1979 ஏப்ரல் வரை ஓடியது.

ஒன்று கிடைத்தால் மட்டக்களப்புக்கு வருமா என்றால், பதினான்கு அடிக்கு மேல் உயரமான வண்டி அது. வீதியோர மரக்கிளைகளும் குறுக்கே போகும் மின்கம்பிகளும் தொலைபேசிக் கம்பிகளும் தடுக்கும். வழி முழுவதையும் அளவுகோல் பிடித்து அளக்காமல் அதை ஓட்டக் கூடாது. ஒரே இடத்தில் நிறுத்தி வைத்துப் பார்க்க விடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். என் விருப்பத்தைக் கேட்டால், நிற்கும் இரட்டைத்தட்டு பஸ்ஸைவிட களுவாஞ்சிகுடி வரை ஓடிப் போய்வரும் ஒரு பழைய லேலண்டைத்தான் முதலில் தேடுவேன். அந்த எஞ்சின் இரைச்சலும் இருக்கையின் அதிர்வும் பெல் அடித்ததும் வண்டி ஒருமுறை குலுங்கிக் கிளம்புவதும் நின்ற வண்டியில் கிடைக்காது.

பஸ் எங்கே கிடைக்கும்?

டிப்போக்களின் பின்புறத்தில் ஓரங்கட்டிக் கிடப்பவை உண்டு. தனியாரிடம் லொறியாகவோ தண்ணீர் பவுசராகவோ உருமாறிய வண்டிகள் உண்டு, அவற்றின் அடிச்சட்டமும் எஞ்சினும் பயன்படும். மலைநாட்டிலும் தெற்கிலும் பழைய வாகனங்களை ஆசையோடு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வடக்கில் தட்டிவான் எனப்படும் மர உடல் கட்டிய பழைய சிறு பஸ்களைத் திருத்தி வைத்திருப்பவர்களிடம் கேட்டுக் கற்கவேண்டியதும் நிறைய.

முதல் ஆண்டுக்கு ஒரே ஒரு பஸ் போதும். பத்து வண்டிகளைச் சேர்த்துவிட்டு நாள் குறிப்போம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது.

எந்த வழியில் ஓடும்?

மூன்று ஓட்டங்களை யோசித்து வைத்திருக்கிறோம்.

நகரச் சுற்று சிறியது. பஸ் நிலையத்தில் கிளம்பி, கோட்டைப் பக்கமாகப் போய், மணிக்கூட்டுக் கோபுரத்தைக் கடந்து, கோட்டைமுனைப் பாலத்தால் ஏறிப் புகையிரத நிலையம் வரை. மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928இல். ரயிலைப் பிடிக்க பஸ்ஸும், பஸ்ஸைப் பிடிக்க ரயிலும் காத்து நின்ற காலம் பலருக்கு நினைவிருக்கும்.

கரையோர ஓட்டம்தான் உயிரான ஓட்டம். கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, தாழங்குடா, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், களுதாவளை, களுவாஞ்சிகுடி. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் என்று சுற்றி வரும் ஏ4 நெடுஞ்சாலையின் கடைசித் துண்டு இது. தமிழ் ஊர்களுக்கு நடுவே காத்தான்குடி என்ற முஸ்லிம் ஊரும் வரும். கொண்டக்டர் தரிப்பிடப் பெயர்களை ஒரே மூச்சில் கூவி வருவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வரிசை இன்னும் பாடமாக இருக்கும். அந்தக் குரலையும் திரும்பக் கேட்க வேண்டும் என்பதற்காகவே, இந்த ஓட்டத்தில் ஓய்வுபெற்ற கொண்டக்டர் ஒருவரைத்தான் வாசலில் நிறுத்துவோம்.

மூன்றாவது படுவான்கரை ஓட்டம். மண்முனைப் பாலத்தால் கடந்து கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயில் வரை போய்த் திரும்புவது. 2014இல் அந்தப் பாலம் திறக்கும்வரை அங்கே படகுப்பாதைதான் இருந்தது. பாலம் வந்தபின் பிறந்த பிள்ளைகள், தாத்தா கரையில் காத்து நின்ற கதையைப் பஸ்ஸில் இருந்தபடி கேட்பார்கள்.

கல்லடிப் பழைய பாலத்தில் ஓட்டக் கூடாதா? அதுதானே அழகு?

கூடாது. 1924இல் திறந்த லேடி மனிங் பாலம் ஒரு வண்டி மட்டுமே போகும் அகலமுடைய இரும்புப் பாலம். தொண்ணூறு வருஷத்துக்குக் கிட்ட இந்தக் கரையின் போக்குவரத்து முழுவதையும் அதுதான் தாங்கியது. ஒரு பக்கத்து வாகனங்கள் கடந்து முடியும்வரை மறுபக்கம் காத்துக் கிடக்கும். 2013இல் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்ததும் பழையது கனரக வாகனங்களிலிருந்து ஓய்வு பெற்றது. அதன்மேல் இனிப் பாரம் ஏற்றக் கூடாது. பஸ் புதுப் பாலத்தால் போகும்போது, பழைய பாலத்தில் நின்று படம் பிடிக்கலாம். இரண்டும் ஒரே படத்தில் விழும்.

கட்டணம் எவ்வளவு?

இல்லை. ஏறுபவரிடம் பணம் வாங்கினால் அது பயணிகள் சேவையாகிவிடும், வழித்தட அனுமதி வேண்டும். அதைவிட முக்கியம், பணம் இல்லாதவரும் ஏற வேண்டும். பழைய மாதிரியில் அச்சடித்த நினைவு டிக்கெட் ஒன்று எல்லாருக்கும் கொடுப்போம். விரும்பியவர்கள் உண்டியலில் போடலாம். அது டீசலுக்கும் டயருக்கும்.

அனுமதி, காப்புறுதி?

வீதியில் ஓடும் எந்த பஸ்ஸுக்கும் வேண்டியவை இதற்கும் வேண்டும்: வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, தகுதிச் சான்றிதழ், புகைப் பரிசோதனை. பழையது என்பதற்காக எதையும் தளர்த்திக் கேட்க மாட்டோம். பொலிஸாருக்கும் மாநகர சபைக்கும் முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும். காப்புறுதி எடுக்கும்போது, பயணிகளை ஏற்றுகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லியே எடுக்க வேண்டும். இதை மறைத்து எடுத்த காப்புறுதி விபத்து நாளில் உதவாது.

'ஸ்ரீ' தகடு உள்ள பஸ்ஸை ஓட்டுவீர்களா?

வயதானவர்கள் இதைக் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். சத்தமாகவே பேசவேண்டிய விஷயம் இது.

வாகன இலக்கத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்தைப் போடவேண்டும் என்ற விதி வந்தபோது தமிழ்ப் பகுதிகளில் எதிர்ப்பு எழுந்தது. 1958இல் புதிதாகத் தொடங்கிய போக்குவரத்துச் சபையின் பஸ்கள் அந்த எழுத்தோடு வடக்குக்கு அனுப்பப்பட்டதும் தமிழரசுக் கட்சி ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டத்தில் இறங்கியது. தகடுகளில் தார் பூசினார்கள், தமிழ் எழுத்தை எழுதினார்கள், சிறை சென்றார்கள். பதிலுக்குத் தெற்கில் சிங்களத் தரப்பினர் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசினார்கள். 1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் கையெழுத்திட்ட பண்டா–செல்வா ஒப்பந்தம் 1958 ஏப்ரலில் கைவிடப்பட்டது. மே மாதம் கலவரம். எங்கள் மாவட்டத்திலும் உயிர்கள் போயின.

ஆகவே அந்தக் காலத்து பஸ் ஒன்றை வெறும் அழகுப் பொருளாக மட்டும் காட்டினால் அது பாதி உண்மை. தகட்டைக் கழற்றி மறைப்பதும் எனக்குச் சம்மதமில்லை. பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பலகையில், மூன்று மொழியிலும், நடந்ததை நடந்தபடி எழுதி வைக்க வேண்டும். பார்ப்பவர் வாசிக்கட்டும், பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். போர்க்காலத்திலும் எத்தனையோ பேருக்கு பஸ் பயணம் என்றால் இறங்கி நடந்து, சோதனைச்சாவடியில் அடையாள அட்டை நீட்டி, திரும்ப ஏறிய பயணம்தான். எறிகணை விழுந்த வீதிகளிலும் வண்டியை எடுத்துப்போன சாரதிகள் இருந்தார்கள். அவர்களில் சொல்ல விரும்புபவர்கள் சொல்ல இந்த நாளில் ஓர் இடம் இருக்கும். சொல்ல விரும்பாதவர்களை யாரும் வற்புறுத்தக் கூடாது.

எந்த மாதம்? எந்தக் கிழமை?

ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்று மழை. வயல் வீதிகளில் வெள்ளம் ஏறும் காலம். ஜூன், ஜூலையில் கச்சான் காற்று அனலாக அடிக்கும், பழைய றேடியேற்றர்கள் கொதித்துவிடும். மழை விட்டு, வெயில் முற்றுவதற்கு முந்திய பெப்ரவரி, மார்ச் நல்லது. ரமழான் நோன்பு அந்த நாட்களில் வந்தால் தள்ளிப் போடுவோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ, ஞாயிறு காலைப் பூசை, அதனால் சனிக்கிழமை. மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்தோடு சேர்த்து வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். ஆடி அமாவாசைக் கூட்டத்தில் ஓடுகிற பஸ்களுக்கே வழி கிடைப்பதில்லை, அதனால் அது வேண்டாம்.

நடுவழியில் பழுதானால்?

ஆகும் என்று எண்ணியே ஆயத்தம் செய்ய வேண்டும். இழுத்துச் செல்ல ஒரு வண்டி, மாற்று பஸ் ஒன்று, கருவிப்பெட்டியோடு மெக்கானிக் இருவர். விசிறிப் பட்டி, றேடியேற்றர் குழாய், பல்ப், பியூஸ், தண்ணீர்க் கான் எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். அந்நாளைய பஸ்களுக்கு வழக்கமான 9.00-20 அளவு டயர் இன்றும் கிடைக்கிறது, அது ஆறுதல். பழைய டயரில் தடம் தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகி வெடிப்பு விட்டிருந்தால் அதை நம்பக் கூடாது.

பிரேக்கை ஓடும் நாளுக்கு ஒரு வாரம் முன் முழுதாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். பழைய பிரேக் லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருந்திருக்கும். டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடுவது எங்கள் கராஜ்களில் வழக்கம். அதைச் செய்யவே கூடாது. ஈரத் துணியால் துடைத்து, முகக்கவசம் போட்டு வேலை செய்யுங்கள். நுரையீரலைக் கெடுக்கும் தூசி அது.

மிதிபலகையில் தொங்கலாமா?

இளைஞர்களின் கேள்வி. இல்லை. இருக்கை எத்தனையோ அத்தனை பேர் மட்டும். பழைய பஸ்களில் இருக்கைப் பட்டி இல்லை, வாசலில் கதவு இல்லாதவையும் உண்டு. சிறு பிள்ளைகள் பெரியவர்களோடு உள்பக்க இருக்கையில்.

படி உயரமாச்சே, வயதானவர்கள் எப்படி ஏறுவது?

தரிப்பிடங்களில் மரப் படிக்கட்டு வைத்து, கைபிடித்து ஏற்ற ஆட்கள் நிற்பார்கள். சக்கர நாற்காலியில் வருவோருக்குப் பக்கத்திலேயே ஒரு தாழ்தள வாகனம் கூட ஓடும். இதை நன்றாகச் செய்யாவிட்டால், யாருக்காக இந்த நாளோ அவர்களே வெளியில் நிற்க வேண்டிவரும்.

நான் ஓய்வுபெற்ற சாரதி. என்னால் என்ன செய்ய முடியும்?

ஐயா, முதலில் உங்களைத்தான் தேடுகிறோம். பஸ் இரண்டாவது.

கனரக வாகன அனுமதிப்பத்திரம் நடைமுறையில் இருந்து, மருத்துவச் சான்றும் இருந்தால் நீங்களே ஓட்டலாம். இல்லையென்றால் பக்கத்தில் இருந்து இளைய சாரதிக்குச் சொல்லிக் கொடுங்கள். இரட்டைக் கிளச் போட்டு கியர் மாற்றுவது, எஞ்சின் சத்தத்தைக் கேட்டே வேகம் அறிவது, பாரம் ஏற்றிய வண்டியைப் பாலத்து ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது எல்லாம் உங்கள் கையிலும் காதிலும் இருக்கும் அறிவு. நடத்துனர்கள், நேரக் கணிப்பாளர்கள், டிப்போ மெக்கானிக்குகள், தகர வேலை செய்தவர்கள், இருக்கை தைத்தவர்கள் எல்லாருக்கும் இதே அழைப்பு. உங்கள் பேச்சை ஒலிப்பதிவு செய்ய வீட்டுக்கே வருவோம். பதிவின் ஒரு பிரதியை உங்கள் பிள்ளைகளிடம் கொடுப்போம்.

அம்பாறை மாவட்டத்தார் சேரலாமா?

1961 வரை இரண்டும் ஒரே மாவட்டம். கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் டிப்போக்களில் வேலை செய்தவர்கள் இல்லாமல் இந்தக் கதை பாதியில் நிற்கும். கட்டாயம் வாருங்கள்.

வீட்டில் பழைய டிக்கெட்டும் படமும் இருக்கின்றன. தரலாமா?

தர வேண்டாம், காட்டுங்கள். நாங்கள் படியெடுத்துவிட்டு அங்கேயே திருப்பித் தருவோம். சீசன் டிக்கெட், நியமனக் கடிதம், சீருடைச் சின்னம், பஸ்ஸுக்கு முன்னால் நின்று எடுத்த கலியாணப் படம் எதுவானாலும் சரி. படத்தின் பின்புறம் பென்சிலால் மெல்ல, யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். லாமினேட் செய்யாதீர்கள், சூட்டில் பழைய தாளும் மையும் கெட்டுவிடும். ஒட்டுநாடாவும் வேண்டாம். ஈரம் படாத ஒரு தாள் உறையில் போட்டு அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். எங்கள் ஊரில் வெள்ளம் முதலில் எடுப்பது கீழ்த்தட்டில் இருப்பதைத்தான்.